கடற்கரைச் சாலைக் கரடி

"கடல் ஓரத்துலயே குடியிருக்கிறவன் கடலப் பாக்க காரு வெச்சிகினு போவணுமா?" என்று பக்கீர் முகம்மது ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பழவேற்காடு பஜாரில் வலையும் கயிறும் விற்கிற கடை அவருடையது. கடையைப் பூட்டிவிட்டு எங்கேயும் போய் அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் பேத்தி சமீனா பள்ளிக்கூட லீவு விட்ட நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவர் எத்தனை தடவைதான் இல்லை என்று சொல்வார். புதுவாயலில் டாக்சி ஓட்டும் பார்த்திபனை வரச்சொல்லி, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினார்கள். முன்சீட்டில் பக்கீர் முகம்மது. பின்னால் அவர் மனைவி மரியம் பீவி, மகள் ஃபிர்தௌஸ், அவள் மடியில் சமீனா.

ஃபிர்தௌஸின் கணவன் மொஹசின் இரண்டு வருஷமாக ஷார்ஜாவில் இருந்தான். அதற்கு முன்பு கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கவரைப்பேட்டையில் சின்ன வாடகை வீடு. "கம்பெனி வேலைய நம்பி புள்ளய எப்டி கரையேத்துவ?" என்று மாமனார்தான் சொல்லிச் சொல்லி, ஏஜெண்டைப் பிடித்து அனுப்பிவைத்தார். அவன் கிளம்பிய அன்று பஜாரே கூடி மாலை போட்டது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஃபிர்தௌஸ் வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே வீடியோ கால் ஓடாது என்று மொஹசின் தினமும் வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்புவான். காலையில் ஒன்று, சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு ஒன்று.

அன்றைக்கும் வண்டி பொன்னேரியைத் தாண்டும்போது மெசேஜ் வந்தது. "கௌம்பிட்டீங்களா? இங்க இன்னும் விடியவே இல்ல, அதுக்குள்ள புழுங்குது. புள்ளய தண்ணில எறக்காத. எந்த ஊருன்னு சொல்லு." ஃபிர்தௌஸ், "மகாபலிபுரம் மச்சான், நைட்டு தங்கிட்டு நாளைக்கு வந்துடுவோம்" என்று பேசி அனுப்பினாள்.

மகாபலிபுரத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. ஊர் நுழைவிலிருந்தே கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கிய பார்த்திபன் வேர்த்துப்போய்த் திரும்பி வந்தான்.

"ஒரு ரூமு கூட இல்ல பாய். பாண்டிச்சேரில நமக்குத் தெரிஞ்ச லாட்ஜு ஒண்ணு கீது. போன் போட்டேன், இருக்குன்னான். போய்டலாமா?"

"கௌம்பினதே பேஜாரு. இனிமே எங்க போனா இன்னா?" என்றார் பக்கீர் முகம்மது.

வழியில் சமீனா வாந்தி எடுத்தாள். அவளைத் துடைத்து, சட்டை மாற்றி, தோளில் போட்டுத் தூங்கவைப்பதிலேயே ஃபிர்தௌஸுக்குப் பொழுது போயிற்று. ஊர் மாறியதைப் புருஷனுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். போனை எடுத்தபோது சார்ஜ் இல்லை. லாட்ஜுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். லாட்ஜில் சார்ஜ் போட்டவள் குளித்து, தொழுது, சாப்பிட்டு, அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் கடற்கரைச் சாலைக்கு நடந்தார்கள். இவ்வளவு ஜனத்தை ஃபிர்தௌஸ் பார்த்ததில்லை. பழவேற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ்காரர்கள் வந்து இறங்குவார்கள்தான்; ஆனால் இங்கே தெருவே தெரியாமல் தலைகள். கருங்கற்கள் மேல் நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள், பஞ்சுமிட்டாய், சோப்புக் குமிழ் ஊதுகிறவர்கள், புதுக் கல்யாண ஜோடிகள், ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு வந்த கம்பெனி ஆட்கள். மரியம் பீவி மகளின் துப்பட்டாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கரடியை முதலில் பார்த்தது சமீனாதான். பழுப்பு நிறத்தில் ஆளுயரக் கரடி. வயிற்றில் ஓர் ஐஸ்கிரீம் கடையின் பெயர் எழுதிய துணி. சின்னப் பிள்ளைகளுக்குக் கை கொடுத்து, இடுப்பை ஆட்டிக் காட்டி, பெரியவர்கள் கையில் நோட்டீஸ் திணித்துக்கொண்டிருந்தது.

"உம்மா, கரடி! போட்டோ!"

சமீனா கையை உதறிக்கொண்டு ஓடினாள். கரடி அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. சமீனா அதன் காலைக் கட்டிக்கொண்டதும் குனிந்து பார்த்தது. பிறகு நிமிர்ந்து, பின்னாலேயே வந்த ஃபிர்தௌஸைப் பார்த்தது. ஆட்டம் நின்றுவிட்டது. நோட்டீஸ்கள் கையிலிருந்து விழுந்து காற்றில் பறந்தன.

"ஒரே ஒரு போட்டோ எடுத்துக்குறோம்" என்று ஃபிர்தௌஸ் போனைத் தூக்கினாள்.

கரடி முட்டிபோட்டு உட்கார்ந்து சமீனாவை அணைத்துக்கொண்டது. ஃபிர்தௌஸ் படம் எடுத்தாள். பக்கீர் முகம்மதுவும் சிரித்துக்கொண்டே போய் ஒரு பக்கம் நின்று அதன் தோளில் கை போட்டார். அதையும் எடுத்தாள்.

"போதும் வா சமீனா, மத்த புள்ளைங்க நிக்குது பாரு."

கரடி விடவில்லை.

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள். சமீனாவும் சிரித்தாள். "வுடு கரடி" என்று அதன் மூக்கில் தட்டினாள். கரடியின் கைகள் இன்னும் இறுகின. அதன் உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது. சமீனாவின் சிரிப்பு நின்றது. முகம் கோணியது. "உம்மா" என்று வீரிட்டாள்.

"யோவ், புள்ளய வுடுயா" என்று பக்கீர் முகம்மது அதன் கையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஃபிர்தௌஸுக்குப் பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி போனில் பார்த்த வீடியோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. "ஐயோ, புள்ளய வுட மாட்டேங்குறான், யாராவது வாங்களேன்" என்று கத்தினாள்.

அது போதுமானதாக இருந்தது. நாலாபக்கமிருந்தும் ஆட்கள் பாய்ந்தார்கள். ஒருவன் பின்னாலிருந்து உதைத்தான். கரடி பக்கவாட்டில் சாய்ந்தது. அதன் பிடி தளர்ந்த கணத்தில் ஃபிர்தௌஸ் பிள்ளையைப் பறித்து மார்போடு சேர்த்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே வந்துவிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் அடி விழும் சத்தம் கேட்டது. வாப்பாவின் குரலும் கேட்டது. "எம் பேத்திய... எம் பேத்திய..." அவர் கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருந்தது. அது தொம் தொம்மென்று எதன் மேலோ விழுந்தது.

"தலையக் கழட்டு! மூஞ்சியப் பாக்கலாம்!" என்று யாரோ கத்தினார்கள்.

பிறகு வாப்பாவின் குரல் நின்றுவிட்டது.

ஃபிர்தௌஸ் திரும்பிப் பார்த்தாள். வாப்பா ஓங்கிய கையோடு அப்படியே நின்றிருந்தார். பாட்டில் மேலேயே இருந்தது. வாய் திறந்திருந்தது. அவருக்கு நெஞ்சு வலி என்றுதான் அவள் நினைத்தாள். பிள்ளையை உம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். ஆட்களை விலக்கிக்கொண்டு போய் வாப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் கீழே பார்த்தாள்.

கரடியின் உடம்புக்கு மேல் மொஹசினின் முகம் இருந்தது.

கன்னம் ஒட்டி, முடி நெற்றியில் அப்பிக்கொண்டு, கழுத்தெல்லாம் வேர்க்குரு. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது யார் என்று தெரிந்தது. ஆனால் அதை மனம் ஏற்கவில்லை. அவன் ஷார்ஜாவில் இருக்கிறான். காலையில்தான் பேசினான். அதே போல் இன்னொரு ஆளா? அப்படிக் கூட ஒரு நிமிஷம் நினைத்தாள். அவன் கண்ணைத் திறந்து, "ஃபிர்தௌஸு" என்றான்.

ஒரு வாலிபன் மறுபடி காலை ஓங்கினான். அவள் அப்போதும் வாய் பேசாமல் நின்றிருந்தாள். உதை விழுந்த பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"அடிக்காதீங்க! அது எம் புருஷன்! எம் புருஷன் அது!"

கூட்டம் கொஞ்சம் பின்வாங்கியது. யாரோ சிரித்தார்கள். "என்னம்மா, இப்பத்தான் பிள்ளையைப் பிடிக்கிறான்னு கத்தினே, இப்போ புருஷன்னு சொல்றே? என்ன டிராமா இது?" என்றான் உதைத்தவன். எத்தனையோ கைகளில் போன்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் கீழே உட்கார்ந்து தன் துப்பட்டாவால் அவன் மூக்கை அழுத்திப் பிடித்தாள். கை அதுபாட்டுக்கு அதைச் செய்தது. அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். ஓரத்திலிருந்த போலீஸ் பூத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போனார். மொஹசினைப் பெஞ்சில் உட்காரவைத்து முதுகுப்பக்க ஜிப்பைத் திறந்தபோது உள்ளே பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. விலாவில் சிவந்து தடித்திருந்தது.

"நிஜமாவே உன் வீட்டுக்காரரா?" என்றார் போலீஸ்காரர்.

ஃபிர்தௌஸ் போனில் கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்துக் காட்டினாள். அவர் போட்டோவையும் பெஞ்சில் இருந்தவனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்புறம் எதுக்கும்மா அடிக்க விட்டீங்க?"

பக்கீர் முகம்மது கையிலிருந்த பாட்டிலைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார்.

ஐஸ்கிரீம் கடைக்காரர் தானியேல் மூச்சு வாங்க ஓடி வந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது கிழிந்துபோன கரடித் தோல்தான். பிறகு மொஹசினின் முகத்தைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டார். "சார், இவன் ஒரு வருஷத்துக்கு மேல எங்கிட்ட வேலை பாக்கறான். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பிள்ளைங்கன்னா உசுரு. இவனைப் போய்..." என்றவர், ஃபிர்தௌஸைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார்.

"அவரு சம்சாரம்."

"சம்சாரமா? கல்யாணமே ஆகலைன்னு சொன்னானே!"

மொஹசின் தலையைக் குனிந்துகொண்டான்.

"குடும்பம் இருக்குன்னு சொன்னா, ஏன் ஊருக்குப் போவலன்னு கேப்பாங்க" என்றான் மெல்ல. "அதான் அப்டி சொன்னேன்."

போலீஸ்காரர் பெயர்களைக் கேட்டு, ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் எலும்பு ஒன்றும் முறியவில்லை என்றார்கள். லாட்ஜுக்கு வந்து, அவனுக்கு வாப்பாவின் லுங்கியும் சட்டையும் கொடுத்தார்கள். சமீனா அவனிடம் வரவில்லை. மூன்று வயதில் அவனைப் பார்த்தவள்; போனில் வருகிற குரல்தான் அவளுக்கு வாப்பா. "கரடி எங்க? கரடிய ஏன் அடிச்சாங்க?" என்று நன்னி மரியம் பீவியின் மடியில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே அவன் சொல்ல ஆரம்பித்தான்.

ஏஜெண்ட் சொன்ன கம்பெனி ஷார்ஜாவில் இல்லவே இல்லை. விசிட் விசாவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, போனை எடுக்காமல் விட்டுவிட்டான். ஒரே அறையில் பல பேரோடு சுருண்டு கிடந்து, கிடைத்த வேலையைச் செய்து, விசா முடிந்ததும் திருப்பி அனுப்பப்பட்டான். போய் நாலு மாசம்கூட ஆகவில்லை.

"மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு வெளிய வந்து ரோட்டுல நின்னேன். ஊட்டுக்குத்தான் கௌம்பினேன், சத்தியமா. நம்ம பக்கம் போற பஸ் வந்துச்சு. காலு ஏறல. எத்தினி பேரு மாலை போட்டாங்க. மாமா மூஞ்சிய எப்டி பாப்பேன்? எதிர்ப்பக்கம் பாண்டிச்சேரி பஸ் நின்னுகினு இருந்துச்சு. ஏறிட்டேன். ஒரு வாரம் இருந்துட்டு வந்துடலாம்னு நெனச்சேன். ஒரு வாரம் போச்சு, ஒரு மாசம் போச்சு. அப்பறம் எப்டி வர்றதுன்னே தெரியல."

ஃபிர்தௌஸ் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் இதுவரை ஒரு சொட்டு கண்ணீர் விடவில்லை. இரண்டு வருஷத்து மெசேஜ்கள் ஒவ்வொன்றாக அவள் தலைக்குள் ஓடின. இங்கே இன்னும் விடியவில்லை என்றது, புழுதிக்காற்று என்றது, ரூமில் பாகிஸ்தான்காரன் பிரியாணி ஆக்கினான் என்றது.

"பெருநாளைக்கு வாழ்த்து அனுப்புனியே" என்றாள். அவள் அவனை ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை. "நமக்கு ஒரு நாளு முன்னாடி. அங்க பிறை தெரிஞ்சிடுச்சு, தொழுதுட்டு வந்துட்டோம்னு சொன்னியே. அன்னிக்கு நீ எங்க இருந்த?"

"இங்கதான்."

"தொழுதியா?"

"இல்ல. நோம்பு வெச்சிகினு இருந்தேன். நம்ம ஊரோடதான் பெருநாளு கொண்டாடுனேன். மறுநாளு."

"நோம்பு வெச்சிகினு பொய் சொன்ன."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். மரியம் பீவிதான், "வுடு தாயி, ரத்தம் வர்ற அளவுக்கு அடி வாங்கிகினு கீது மாப்ள" என்றார். ஃபிர்தௌஸ் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே நின்றாள். பார்த்துப் பேசிப் பழகிய மனுஷன் ஒருவன் செத்துப்போய், அவன் முகத்தோடு வேறு ஒருவன் வந்து வெளியே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

பக்கீர் முகம்மது அன்று ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மறுநாள் காலை பார்த்திபன் வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"லீவுல வந்துகீறான்னு சொல்லிடலாம். ஏர்போர்ட்டுலேந்து நாமளே போய் இட்டுகினு வந்தோம்னு சொல்லலாம். ஒரு மாசம் கழிச்சி, விசா கிடைக்கலன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"வாப்பா!" என்றாள் ஃபிர்தௌஸ்.

"உனக்காவத்தாம்மா சொல்றேன். பஜாருல நாலு பேரு நாலு விதமா..."

அவர் முடிப்பதற்குள் அவர் போன் அடித்தது. பக்கத்துக் கடைக்காரர் சஹாபுதீன். குரல் வெளியே எல்லோருக்கும் கேட்டது.

"பாய், எங்க கீறீங்க? ஒரு வீடியோ வந்துச்சு. பாண்டிச்சேரில கரடி வேஷம் போட்ட புள்ள புடிக்கிறவன அடிச்சாங்கன்னு. எல்லா குரூப்புலயும் ஓடிகினு இருக்குது. அதுல அடிக்கிறது நீங்க மாதிரியே கீது. அடி வாங்கறது... பாய், தப்பா நெனச்சிக்காதீங்க. நம்ம மாப்ள மாதிரி கீதே?"

பக்கீர் முகம்மது போனை வைத்துவிட்டார். சற்று நேரத்தில் சஹாபுதீன் அந்த வீடியோவை அனுப்பினார். பக்கீர் முகம்மது அதைப் போட்டுப் பார்த்தார். ஃபிர்தௌஸும் பார்த்தாள். முப்பது நொடிகூட இருக்காது. தன் குரல் "புள்ளய வுட மாட்டேங்குறான்" என்று கத்துவதை அவள் கேட்டாள். வாப்பாவின் கை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். தலையைக் கழற்றி முகம் தெரிந்ததும் வீடியோ முடிந்துவிட்டது. அவள் "எம் புருஷன்" என்று கத்தியது அதில் இல்லை.

கீழே யார் யாரோ எழுதியிருந்தார்கள். இவனை அங்கேயே முடித்திருக்க வேண்டும் என்று ஒருவர். கையை வெட்ட வேண்டும் என்று இன்னொருவர். எழுதியவர்களில் பாதிப் பேர் பழவேற்காட்டுக்காரர்கள். அவனுக்கு மாலை போட்டவர்கள்.

மொஹசினும் எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு எழுந்தான். "நான் வரல மாமா. நீங்க போங்க. இப்டியே எங்கியாவது போய்டறேன். உங்களுக்கு அவமானம் வேணாம்."

"உக்காரு" என்றார் பக்கீர் முகம்மது.

"இல்ல மாமா..."

"உக்காருடான்றேன்!"

அவன் உட்கார்ந்தான். பக்கீர் முகம்மது அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு பஜார் வியாபாரிகளின் குரூப்பைத் திறந்து, வாய்க்கு அருகே கொண்டுபோய், பொத்தானை அழுத்திப் பேச ஆரம்பித்தார். மேடைப் பேச்சுப் போல நன்றாகப் பேச நினைத்தார் போலிருக்கிறது. இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் உடைந்துவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். பக்கீர் முகம்மது பேசறேன். அந்த வீடியோல கீறது எம் மருமவன் மொஹசின். புள்ள புடிக்கிறவன் இல்ல. அவன் பெத்த புள்ளயத்தான் அவன் தூக்குனான். அவன வெளிநாட்டுக்குத் தொரத்துனது நானு. அங்க ஏமாந்து வந்துட்டான். வந்து சொல்ல எனக்குப் பயந்துகினு இங்க வெயில்ல நின்னு பொழச்சிகினு இருந்துகீறான். அவன அடிச்சதும் நான்தான். தெரியாம அடிச்சிட்டேன். யாரும் இனிமே அத அனுப்பாதீங்க. அனுப்பனும்னா இதயும் சேத்து அனுப்புங்க."

விரலை எடுத்தார். மெசேஜ் போய்விட்டது. யாரும் இட்லியைத் தொடவில்லை.

அப்போதுதான் ஃபிர்தௌஸ் அழுதாள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குழந்தை மாதிரிச் சத்தம் போட்டு அழுதாள். மொஹசின் பக்கத்தில் வந்து நின்றான். தொடவில்லை. தொட்டிருந்தால் தட்டிவிட்டிருப்பாள்.

மதியம் வண்டி கிளம்பியது. மொஹசின் முன்சீட்டில் உட்கார்ந்தான். பக்கீர் முகம்மதுதான் உட்காரச் சொன்னார். பின்னால் நெருக்கினால் விலா வலிக்கும் என்றார். போன வழியில் வராமல் நெடுஞ்சாலையிலேயே வந்த பார்த்திபன், புதுவாயல் சந்திப்பில் பழவேற்காட்டுக்குத் திரும்ப இண்டிகேட்டர் போட்டான்.

"திருப்பாத. நேரா கவரப்பேட்டைக்கு வுடு" என்றாள் ஃபிர்தௌஸ்.

"அங்க இன்னாம்மா கீது?" என்றார் மரியம் பீவி.

"பழைய ஊட்டுக்காரம்மாவுக்குக் காலைல போன் பண்ணேன். ரூமு காலியாத்தான் கீதாம். எங்களுக்கு வேணும்னு சொல்லிட்டேன்." பிறகு முன்சீட்டைப் பார்த்து, "நீ அங்கேந்து வேலைக்குப் போ. கும்மிடிப்பூண்டில எந்தக் கம்பெனி ஆனாலும் சரி, கான்ட்ராக்ட்டு ஆனாலும் சரி. நான் உங்கூட இப்ப பேச மாட்டேன். எப்ப பேசுவேன்னும் தெரியாது. ஆனா நீ எங்க கீறன்னு என் கண்ணுக்குத் தெரியணும்" என்றாள்.

மொஹசின் திரும்பிப் பார்க்காமல் தலையை ஆட்டினான்.

பார்த்திபன் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு வண்டியை நேராக விட்டான். இடப்பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. தூக்கத்திலிருந்து எழுந்த சமீனா சீட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, முன்னால் உட்கார்ந்திருந்தவனின் பிடரியில் இருந்த வேர்க்குருவை உற்றுப் பார்த்தாள்.

"இன்னா இது? அரிக்குதா?" என்று அவனைக் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றான் அவன்.

அவள் வாயைக் குவித்து அதன் மேல் ஊதிவிட்டாள்.